துவக்குக் குழலும் தோட்டாவும்

கடேற் படையிற் பயிலும் மாணவர் ஒருவர், சுடும் போட்டிக் குழுவில் இடம்பெறாமையால் மனம் நொந்து எம்மிடம் வந்தார். "சேர், முந்திய தோட்டாவில் எல்லாக் குண்டுகளும் ஓரிடத்திலே பட்டன. வேறு தோட்டா தந்த பின்பு சிதறிப்போயின. கை நடுங்குகிறது என்று என்னை விலக்கிவிட்டார்கள்" என்றார். தமிழாசிரியரிடம் சொல்லத்தக்க முறைப்பாடா இது எனச் சிலர் நகைத்தனர். யாம் நகைத்திலேம். தோட்டாவுக்கும் குழலுக்கும் உள்ள உறவைப்பற்றி அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம்.

தோட்டாவிலே பித்தளைக் கூடு, அதனடியிற் பற்றுமருந்து, உள்ளே வெடிமருந்து, வாயிலே குண்டு என நான்கு உறுப்புக்கள் உள. குழலின் உட்புறத்தே திருகாணியிற் போலச் சுற்றிச்செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை பற்றிச் சுழற்றுதலாற் குண்டு பம்பரம்போல் நிலைகுலையாது செல்லும்.

குண்டு உராய்வதனாலேயே குழல் தேய்கின்றது என்று பலர் எண்ணுவர். பெருங்காரணம் அஃதன்று, வெடிமருந்தின் வெப்பமே. தோட்டா இருக்கும் அறையை அடுத்த குழற்பகுதியை அனல்வாயு ஒவ்வொரு வெடியிலும் தாக்க, உருக்கிலே வலைபோல் நுண்வெடிப்புக்கள் தோன்றும். பின் அவ்விடம் அரிக்கப்பட்டுப் பள்ளங்கள் மழுங்கும். மழுங்கியவிடத்தே குண்டு நேராகப் பற்றப்படாது சற்றே சரியும், வாயுவும் கசியும், குறி சிதறும். தேய்ந்த அம்மியை மீண்டும் கொத்தலாம். தேய்ந்த குழலையோ மாற்றவே வேண்டும்.

இதனைப் பிரித்தானியப் படை பட்டறிந்தது. 1888 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட லீ மெற்போட் துவக்கின் பள்ளங்கள், கரியும் வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்த கருமருந்தின் அழுக்குப் படியாதிருக்க, ஆழமின்றி வளைவாக அமைக்கப்பட்டன. பின்னர் கோடைற் என்னும் புகைகுறைந்த மருந்து வந்தது. அதன் வெப்பத்தை அப்பள்ளங்கள் தாங்கவில்லை. ஆகவே 1895 இல், செங்கோண விளிம்புடைய ஐந்து பள்ளங்களோடு லீ என்பீல்ட் துவக்கு தோன்றியது. 'திறீ நொட் திறீ' என நம்மவர் அறிந்தது இவ்வினமே.

குழலை மாற்றியதோடு மருந்தையும் மாற்றினர். முதற் கோடைற்றில் நூற்றுக்கு 58 பங்கு நைத்திரோகிளிசரினும், 37 பங்கு வெடிபஞ்சும், 5 பங்கு வசலீனும் இருந்தன. வெப்பம் மிகுவிப்பது நைத்திரோகிளிசரினே எனக் கண்டு, அதனை 30 ஆகக் குறைத்து, வெடிபஞ்சை 65 ஆகக் கூட்டினர். தேய்வு குறைந்தது. நம் தியத்தலாவையிலே 1900 இல் போயர் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த காலத்தை ஒட்டியது இம்மாற்றம். தமிழ்நாட்டு நீலகிரியிலுள்ள அரவங்காட்டில் 1903 இல் நிறுவப்பட்ட தொழிற்சாலையும் கோடைற்றுக்காகவே எழுந்தது.

பற்றுமருந்தும் குழலைக் கெடுக்கும். பழைய தோட்டாக்களிலிருந்த பொற்றாசியங் குளோரேற்று, வெடித்தபின் கறியுப்பை ஒத்த ஓருப்பைக் குழலிற் படியவிடும். அது காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துருவேற்றும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் யன்னற் கம்பிகள் படும் பாட்டை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. எண்ணெய் அவ்வுப்பைக் கரையாது, நீரே கரைக்கும். அதனாலன்றோ படைவீரர் முதலிற் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பின் எண்ணெய் பூசினர்! இக்காலத் தோட்டாக்களிற் பெரும்பாலானவற்றில் இவ்வுப்பில்லை.

இனி அம்மாணவர் முறைப்பாட்டுக்கு வருவோம். அவர் சுட்டது 0.22 அங்குலச் சிறு துவக்கு. அதன் ஈயக்குண்டு மென்மையானது, மருந்தும் சிறிது, குழல் எளிதில் தேயாது. ஆயினும் குண்டின் பருமனிலும் வேகத்திலும் தோட்டாவுக்குத் தோட்டா சிறு வேறுபாடு உண்டு. ஒரு குழலுக்கு இசைந்தது மற்றொன்றுக்கு இசையாது. ஆகவே அவர் கூறியது நிகழக்கூடியதே.

பிழை கையிலா, தோட்டாவிலா? துவக்கைத் தாங்கியில் அசையாது வைத்து, ஒவ்வொரு வகைத் தோட்டாவிலும் பப்பத்துக் குண்டுகள் சுட்டுப் பார்த்தால் புலனாகும். அரைமணி நேரச் சோதனை அது. அதனைச் செய்யுமுன் ஒரு பிள்ளையின் கையைப் பழித்தல் நீதியன்று. வகுப்பிலே யாமும் பலமுறை அவ்வாறு பழித்திருக்கின்றோம். சோதனையைச் செய்துதருமாறு பயிற்றுவோரைப் பணிவுடன் கேட்கும்படி அம்மாணவரை அனுப்பிவைத்தோம்.