புயலிலும் விலகாத பார்வை

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

வங்கக் கடலில் புயல் உருவானால் சென்னைத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1 முதல் 11 வரை அதற்கு எண்கள் உண்டு. எண் உயர உயர ஆபத்தும் உயரும். தண்டையார்பேட்டையிலும் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அன்று. மீனவர்கள் படகுகளைக் கரையேற்றிக் கட்டுவார்கள். பெரிய கப்பல்களையோ துறைமுகத்தை விட்டு ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். துறையில் கட்டிக் கிடந்தால் அலை அவற்றைச் சுவரில் மோதும். ஆழத்தில் நின்றால் கப்பல் புயலைத் தாங்கும்.

மனித வாழ்விலும் புயல் வீசுகிறது. தந்தைக்கு வேலை போகிறது, வீட்டில் நோய் வருகிறது, பொதுத்தேர்வு நெருங்குகிறது. அவ்வேளையில் நம் விசுவாசம் கரையோரம் கிடக்கிறதா, ஆழத்தில் நிற்கிறதா? அன்புத் தோழியரே, இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இராயப்பர் கற்பிக்கும் பாடம்

நம் அருகிலுள்ள இராயபுரம் அப்போஸ்தலரான இராயப்பரின் பெயரால் அமைந்தது என்பர். அவர் பெயர் தாங்கிய ஆலயம் இன்றும் அங்கே உள்ளது. கடலை நம்பி வாழ்ந்த மக்கள் ஒரு மீனவரையே தங்கள் பாதுகாவலராகக் கொண்டது எத்துணைப் பொருத்தம்!

கலிலேயாக் கடலில் காற்று எதிர்த்து வீசிய இரவில், ஆண்டவரை நோக்கித் தண்ணீர்மேல் நடந்தவர் இராயப்பர். ஆண்டவரைப் பார்த்தவரை நடந்தார். காற்றைப் பார்த்ததும் அஞ்சி மூழ்கத் தொடங்கினார். அவர் நடந்தபோதும் அதே காற்றுதான் வீசியது. மூழ்கியபோதும் அதே காற்றுதான் வீசியது. மாறியது அவருடைய பார்வை மட்டுமே.

மூழ்கும்போது அவர் நீண்ட செபம் சொல்லவில்லை. காப்பாற்றும்படி ஒரே குரல் கொடுத்தார். உடனே ஆண்டவரின் கை நீண்டது. ஆகவே பார்வை சிதறிவிட்டதே என்று யாரும் மனம் தளர வேண்டியதில்லை. மீண்டும் திரும்பிப் பார்ப்பதும் விசுவாசமே.

நம் மண்ணின் மறைசாட்சி

இது அப்போஸ்தலர்களுக்கு மட்டுமே இயலும் என்று சிலர் நினைக்கலாம். இல்லறத்தில் வாழ்ந்த ஒருவரை நம் தமிழ் மண்ணிலிருந்தே காட்ட விரும்புகிறேன். அவர்தாம் புனித தேவசகாயம்.

இவர் 1712-ஆம் ஆண்டு இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தார். நீலகண்டன் என்பது இவருடைய இயற்பெயர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்தார். 1741-இல் நடந்த குளச்சல் போரில் டச்சுப் படைத்தலைவர் தெலனாய் சிறைப்பட்டார். பின்னர் அவரே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தார். இவ்விருவரும் நண்பர்களாயினர்.

நீலகண்டனின் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் ஏற்பட்டு அவர் மனம் சோர்ந்திருந்த நாளில், தெலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்று கூறுவர். யோபு மந்தைகளை இழந்தார், மக்களை இழந்தார், உடல்நலமும் இழந்தார். அவர் வாய்மூடி இருக்கவில்லை. ஏன் இப்படி என்று இறைவனிடமே வாதாடினார். ஆனால் இறைவனை விட்டு விலகவில்லை. துன்பத்தில் கேள்வி கேட்பது பாவம் என்று எண்ணி நாம் சில வேளை அஞ்சுகிறோம். யாரிடம் கேட்கிறோம் என்பதை அல்லவா கவனிக்க வேண்டும்! யோபு தம் கண்ணீரையும் கோபத்தையும் இறைவனிடமே கொண்டு சென்றார். அதுவும் செபம்தான்.

1745-ஆம் ஆண்டு மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்று அழைக்கப்பட்டார். கடவுளே துணை என்பது அதன் பொருள். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகினார். 1749-இல் கைது செய்யப்பட்டார்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் அனுபவித்த துன்பம் சொல்லி முடியாது. அவரை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று அடித்தார்கள். புண்களில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர், செபித்து முழங்கையால் பாறையை இடிக்க நீர் சுரந்தது என்பது மக்கள் வழங்கும் மரபு. அவ்விடம் இன்றும் முட்டிடிச்சான் பாறை என்றே அழைக்கப்படுகிறது. தம்மைக் காண வந்த மக்களோடும் அவர் செபித்தார். 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இவரே.

தோழியரே, ஒன்றைக் கவனியுங்கள். அவர் செபித்ததால் சிறைக்கதவு திறக்கவில்லை, அடிகள் குறையவில்லை. விசுவாசம் அவருடைய துன்பத்தை நீக்கவில்லை. துன்பம் அவரை மாற்றிவிடாதபடி காத்தது. இதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

நம் வீட்டுப் புயல்கள்

நமக்கு வருபவை அத்தகைய கொடுந்துன்பங்கள் அல்ல. எனினும் அவையும் துன்பங்களே. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் தொழிலுக்குப் போக இயலவில்லை. அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போயிற்று. நம் பகுதியில் பலர் ஒரே அறை வீட்டில் வாழ்கிறோம். அங்கேதான் சமையல், அங்கேதான் தம்பியின் விளையாட்டு, அங்கேதான் படிப்பு. அப்பா இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குவார். வாய்விட்டுப் படிக்கவும் முடியாது. இந்நிலையில் மனத்தை ஒருமுகப்படுத்துவது எப்படி?

கைக்கொள்ள வேண்டிய வழிகள்

முதலாவது, செபத்திற்கும் படிப்பிற்கும் நேரம் குறித்தல். காலை, நண்பகல், மாலை என மூவேளை செபம் சொல்வது நம் திருச்சபையின் வழக்கம். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே ஆகும். ஆயினும் அந்த மூன்று வேளைகளும் நாளைத் தாங்கும் மூன்று தூண்கள். அவற்றுக்கு இடையே படிப்பைப் பகுத்துக்கொண்டால் மனம் அலையாது.

இரண்டாவது, இன்றைய கடமையை இன்று செய்தல். மார்ச் மாதத் தேர்வை எண்ணி ஜூலை மாதத்தில் நடுங்குவதால் பயன் இல்லை. இன்றைய கணக்கையும் இன்றைய செய்யுளையும் முடித்தால் போதும்.

மூன்றாவது, இறைவனோடு பேரம் பேசாதிருத்தல். இத்தனை மதிப்பெண் தந்தால் இத்தனை மெழுகுவர்த்தி என்பது செபம் ஆகாது. எந்த முடிவு வந்தாலும் உம் கையை விடமாட்டேன் என்பதே விசுவாசியின் வாக்கு.

நான்காவது, பாரத்தைத் தனியே சுமக்காதிருத்தல். ஆண்டவரே சிலுவை சுமந்தபோது சீமோனின் உதவியைப் பெற்றார். நாமும் தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ மனம் திறந்து பேச வேண்டும். குழந்தைகளுக்கான 1098 என்னும் உதவி எண்ணை அழைப்பதும் தவறன்று. மருத்துவர் தேவைப்பட்டால் செல்லவும் வேண்டும். செபிப்பவள் உதவி கேட்கலாகாது என்று எந்த மறையும் சொல்லவில்லை.

ஐந்தாவது, பிறர் துன்பத்தைக் காணுதல். பள்ளிக்கு வராத தோழிக்குப் பாடக்குறிப்பை எழுதிக் கொடுத்தால் அவளுடைய பாரமும் குறையும். நம் மனமும் தெளியும்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணைச் சொல்லி எங்களை அளக்காதீர்கள். மாலையில் எங்களோடு அமர்ந்து ஒரு பத்துமணி ஜெபமாலை சொல்லுங்கள். அதுவே எங்களுக்குப் பெரும் பலம்.

முடிவுரை

புயலை நிறுத்த எந்த மாலுமியாலும் முடியாது. ஆனால் சுக்கானைப் பிடித்திருக்க அவனால் முடியும். நாமும் காற்றின் வேகத்தை எண்ணிக் கலங்காமல், கடமையைக் கையிலும் கடவுளைக் கண்ணிலும் கொள்வோம். பார்வை சிதறும்போதெல்லாம் இராயப்பரைப் போல் ஒரு குரல் கொடுப்போம். வெற்றி வந்தாலும் தோல்வி வந்தாலும் தேவசகாயத்தைப் போல் நிலைத்து நிற்போமாக!