கைப்பொருளுக்கேற்ற விளையாட்டுக் கணினி: உறுப்புகளைத் தெரியும் முறை

விழா மலரிலே விளையாட்டுக் கணினிக்கும் இடமுண்டோ எனப் பெரியோர் சிலர் வினவுதல் கூடும். விளையாட்டைக் குறித்து அவர்கள் கொள்ளும் ஐயத்தை நாம் மறுக்க முற்படவில்லை. ஆயின், அதன் பொருட்டுச் செலவாகும் பணம் விளையாட்டன்று. ஓர் இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாவை எடுத்துக்கொள்வோம். 2024 செப்ரெம்பரில் வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி பார்த்தால், அது கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் 111 நாள் உழைப்பு ஆகும். அத்தொகையைக் கொட்டகலையிலிருந்து கொழும்புக்கு எடுத்துச் சென்று, பெட்டியின் கண்ணாடிக்குள் எரியும் வண்ண விளக்குகளைக் கண்டு மயங்கி, பயன் குறைந்த பொறியொன்றுடன் திரும்பிய மாணவர் சிலரை நாம் அறிவோம். அவர்க்குப் பின் செல்வோர் அங்ஙனம் ஏமாறாதிருத்தற் பொருட்டே இதனை எழுதுகின்றோம்.

கடைக்குச் செல்லுமுன் விடை காண வேண்டிய வினா இரண்டு: எந்த விளையாட்டு? எந்தத் திரை? இவ்விரண்டுக்கும் விடையில்லாதவன் எதை வாங்கினும் அது குருட்டு வணிகமே. 1,920க்கு 1,080 என்னும் அளவுள்ள திரையில் 2,073,600 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு அறுபது படங்கள் தோன்றுவதாயின், கணினி ஒவ்வொரு விநாடியும் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீட்டுதல் வேண்டும். பழைய 1,366க்கு 768 திரையிலோ புள்ளிகள் ஏறத்தாழ அதிற் பாதியே. ஆகவே, வீட்டிலுள்ள பழைய மொனிட்டரைச் சிறிது காலம் வைத்துக்கொள்ள இசைபவனுக்குப் பாதி வேலை செய்யும் பொறியே போதும். அவ்வாறே, வலோரண்ட் போன்ற இலேசான விளையாட்டை விரும்புபவனுக்கும் 2020இல் வெளிவந்த சைபர்பங்க் 2077ஐ விரும்புபவனுக்கும் வேண்டிய பொறிகள் ஒன்றல்ல.

இனி, உறுப்புகளைக் காண்போம். கடைக்காரர் முதலிற் பேசுவது செயலியைப் பற்றியே. அதன் பெயரும் எண்ணும் விளம்பரத்திற்கு ஏற்றன. ஆயின் விளையாட்டிலே படந்தீட்டும் பெருஞ்சுமையைத் தாங்குவது கிராபிக்ஸ் காட் எனப்படும் வரைகலை அட்டை. அட்டை வாங்குவதென்று முடிவு செய்தவன் மொத்தப் பணத்தில் மூன்றிலொரு பங்கையேனும் அதற்கென ஒதுக்குதல் தகும். அத்தனை பணம் இல்லாதவன் என் செய்வது? மலிவான அட்டையொன்றைத் தேடி அலைவதினும், வரைகலைப் பகுதியைத் தன்னுள்ளே கொண்ட செயலியை வாங்குதலே நலம் என்பது எமது துணிபு. 2021இல் வெளிவந்த ஏ.எம்.டி. றைசன் 5 5600ஜி அவ்வகையிற் பெயர் பெற்றது. ஆறு கருக்கள் உடையது. 65 உவாற்று அளவினது. இலேசான விளையாட்டுகளை அட்டையின்றியே நடத்தும். பின்னர்ப் பணம் சேருங்கால் அதே தாய்ப்பலகையில் அட்டையைப் பொருத்திக்கொள்ளலாம். முன் வாங்கியது எதுவும் வீணாகாது.

இவ்விடத்திலே பெரும்பாலோர் தவறும் நுட்பமொன்று உண்டு. செயலிக்குள் இருக்கும் வரைகலைப் பகுதிக்குத் தனக்கெனச் சொந்த நினைவகம் இல்லை. அது றாம் என்னும் பொது நினைவகத்தையே பயன்படுத்துகின்றது. விநாடிக்கு 3,200 மில்லியன் மாற்றங்கள் செய்யும் டி.டி.ஆர்.4 றாம் ஒன்றைத் தனியே பொருத்தினால், விநாடிக்கு 25.6 கிகாபைற்று வரையே செல்லும். ஒரே வகையான இரண்டைப் பொருத்தினால் அது 51.2 ஆகும். மலையிலே ஐம்பது பேர் கொழுந்து பறித்தாலும் மடுவத்தில் தராசு ஒன்றாயின் வரிசை நகராதன்றோ? நாம் கண்ட பொறியொன்றில் 16 கிகாபைற்று ஒரே துண்டாக இருந்தது. “பின்னர் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், தம்பி” என்று விற்றவர் கூறினாராம். தம்பி ஓராண்டு காலம் தடுமாறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். 8 கிகாபைற்றுத் துண்டுகள் இரண்டை அவர் கொடுத்திருப்பின் விளையாட்டு அன்றே சீராயிருக்கும். இன்னும், புதிய றாம் பலகையிற் பொருத்தியவுடன் தன் முழு வேகத்தில் ஓடுவதில்லை. பயோஸ் அமைப்பில் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்குதல் வேண்டும். அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

றாமின் விலை குறித்து ஒரு சொல். 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருந்தொகையாக வாங்கியமையால் உலகெங்கும் அவற்றின் விலை ஏறியது. மைக்ரோன் நிறுவனம் அவ்வாண்டு டிசெம்பரில், குருசல் என்னும் பெயரில் நுகர்வோருக்கு விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. இதனோடு நாணயமாற்றும் சேர்கின்றது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு உயர்ந்ததை நாம் மறந்திலோம். ஆதலின் ஈண்டு விலைப்பட்டியல் எதுவும் தந்திலோம். மை காயுமுன் அது பொய்த்துவிடும்.

அட்டை வாங்குவோர்க்கு இரு பெயர்கள் சொல்வோம். 2019இல் வந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 1650, 4 கிகாபைற்று நினைவகம் உடையது. 75 உவாற்றே வேண்டுவது. 2021இல் வந்த ரேடியன் ஆர்.எக்ஸ். 6600, 8 கிகாபைற்று உடையது. 132 உவாற்று வேண்டுவது. பின்னதே பல ஆண்டு உழைக்கத் தக்கது. பழைய அட்டைகளை வாங்குவதில் தீங்கில்லை. ஆயின் எதீரியம் நாணயத்தை அட்டைகளால் ‘அகழும்’ முறை 2022 செப்ரெம்பர் 15இல் முடிவுற்றபின், இரவு பகலாக உழைத்துத் தேய்ந்த அட்டைகள் பல சந்தைக்கு வந்தன. போலிகளும் உண்டு: மிகப் பழைய அட்டையின் உள்மென்பொருளை மாற்றிப் புதுப்பெயர் சூட்டிவிடுவர். ஜி.பி.யூ.-இசட் என்னும் இலவச மென்பொருள் அத்தகையவற்றைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அரைமணி நேரம் கண்முன்னே ஓட்டிப் பாராமல் பணத்தை எண்ணிக் கொடுத்தல் ஆகாது.

பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசா போன்ற இடங்களில், வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த கணினிகளைக் குறைந்த விலைக்குப் பெறலாம். ஏழை மாணவனுக்கு அவை நல்வழியே. ஆயினும் மூன்றைக் கவனித்தல் வேண்டும். இன்டெல் செயலியாயின் எட்டாந் தலைமுறைக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஏனெனில் விண்டோஸ் 11 அதற்கு முற்பட்டவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பெட்டி ஒடுங்கியதாயின் குட்டையான அட்டையே உள்ளே செல்லும். அதன் பவர் சப்ளை அந்நிறுவனத்துக்கே உரிய தனிவகையாயின் மாற்றுதல் அரிது. அதற்குப் பலகையிலிருந்தே முழு மின்னையும் பெறும் 75 உவாற்று அட்டைதான் பொருந்தும்.

எல்லாம் வாங்கி எஞ்சிய காசுக்கு வாங்கும் உறுப்பாகப் பவர் சப்ளையைப் பலர் கருதுகின்றனர். எம் மலைநாட்டில் இதனினும் பெரிய பிழை இல்லை. பக்கத்துத் தலவாக்கலையில் 2012 முதல் 150 மெகாவாற்று மேல் கொத்மலை மின்நிலையம் இயங்குகின்றது. எனினும் நீண்ட மின்கம்பியின் கடைசியிலுள்ள லயத்தில் மாலை வேளையில் விளக்கு மங்குவதைக் காண்கிறோம். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டும் கண்டோம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் கேட்க வேண்டியதில்லை.

பெட்டியின் மேல் ‘500’ எனப் பெரிதாக எழுதியிருப்பதை நம்பற்க. பக்கத்திலுள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ற்று என்ற நிரலைப் பார்க்க. அதன்கீழ் 20 அம்பியர் என்றிருப்பின் 12ஐ 20ஆற் பெருக்க வருவது 240 உவாற்றே. செயலியும் அட்டையும் பெரும்பாலும் அந்நிரலிலிருந்தே மின்னைப் பெறுகின்றன. மேற்கூறிய 65உம் 132உம் சேர்ந்து 197. மற்றையவற்றுக்கு ஐம்பது எனக் கொள்ளினும் 247 ஆயிற்று. அப்பொறி முதல்நாளே தன் எல்லையைக் கடந்து ஓடும். அதே நிரலில் 38 அம்பியர் உடையதாயின் 456 உவாற்று, அச்சமில்லை. தரமற்றது எரியும்போது தான்மட்டும் எரிவதில்லை, பலகையையும் அட்டையையும் உடன்கொண்டு போகும். யூ.பி.எஸ். வாங்குவோர் 650 வீ.ஏ. என்பது 650 உவாற்று அன்று, பெரும்பாலும் 360 முதல் 390 வரையே என்பதை நினைவிற் கொள்க. அது விளையாடுவதற்கன்று, சேமித்து அணைப்பதற்கு. எந்தக் கருவியும் நிலத்தொடுப்பில்லாத சுவரில் முழுக்காவல் தராது. இடி முழங்கினால் செருகியைக் கழற்றிவிடுதலே சிறந்த காவல்.

குளிர்த்தல் பற்றி அதிகம் பேச வேண்டுவதில்லை. நாலாயிரம் அடி உயரத்திற் காற்று சற்று அடர்த்தி குறைந்ததெனினும் அதன் குளிர்ச்சி அக்குறையை ஈடுசெய்யும். நீர்க்குளிர்த்திக்குக் கொடுக்கும் காசு இங்கே வீண். அடுப்புப் புகையும் தூசும் சேர்ந்து விசிறியிற் பிசினாய் ஒட்டுவதும், பனிமூட்டம் புகும் சன்னலோரத்தில் வாரக்கணக்காய் ஓடாமற் கிடக்கும் பொறியில் ஈரம் ஏறுவதுமே எமது பகை. சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. ஒன்றே போதும், 500 கிகாபைற்றுக்குக் குறையாமல்.

வாங்கும்போது பற்றுச்சீட்டில் ஒவ்வோர் உறுப்பின் தொடரிலக்கத்தையும் எழுதுவித்து, உத்தரவாதக் காலத்தையும் குறிப்பித்துக்கொள்க. பூட்டிய பொறியைப் பஸ்ஸில் கொண்டுவருவோர், வரைகலை அட்டையைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் இட்டு மடியில் வைத்துக்கொள்க. கினிகத்தேனை வளைவுகளில் பெட்டி ஒவ்வொரு முறை சாயும்போதும் அட்டையின் பாரமெல்லாம் ஒரு சிறு துளையிலேயே தங்குகின்றது. வீடு சேர்ந்தபின் அதைப் பொருத்தி, மொனிட்டரின் கம்பியைப் பலகையிலன்றி அட்டையிலேயே செருகுக.