கால்குலேட்டர் பொய் சொல்லுமா?

நம்பிக்கை: கணினி போட்ட கணக்குதான் கணக்கு, கால்குலேட்டர் அவசரத்துக்குத்தான்.

ஆம்பூரில் ஒரு டேனரியின் கணக்கு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு விலை சதுர அடிக் கணக்கில். ஒரு ரகம் 120 அடி, அடி 85 ரூபாய். இன்னொன்று 80 அடி, அடி 90 ரூபாய். மேசைக் கால்குலேட்டரில் 120 × 85 + 80 × 90 என்று ஒரே மூச்சில் தட்டினால் 9,25,200! எக்செல்லில் 17,400. "கால்குலேட்டர் போயிடுச்சு பாய், வேற வாங்கணும்" என்பான் பில் போடும் பையன்.

போகவில்லை. அது தட்டத் தட்டக் கணக்கை முடித்துக்கொண்டே போகிற ரகம். 10,200உடன் 80ஐக் கூட்டி, வந்த 10,280ஐ 90ஆல் பெருக்கிவிட்டது. எக்செல் முழு வரியையும் பார்த்துப் பெருக்கலை முதலில் முடிக்கும். 'எம் பிளஸ்' பொத்தான் பின்னே எதற்கு இருக்கிறது? 120 × 85, எம் பிளஸ், 80 × 90, எம் பிளஸ், கடைசியில், சேர்ந்த மொத்தத்தைக் காட்டும் எம்ஆர்சி. அதே 17,400 வரும்.

நம்பிக்கை: எக்செல் தப்பே செய்யாது.

செய்திருக்கிறது. 2007 பதிப்பில் 850ஐ 77.1ஆல் பெருக்கினால் 65,535 வர வேண்டிய இடத்தில் 1,00,000 என்று காட்டியது. 850 அடி, அடி 77 ரூபாய் 10 பைசா: தோல் பில்லில் சாதாரணமாக வரக்கூடிய எண்கள்தான்! உள்ளே இருந்த விடை சரி, திரையில் காட்டியதுதான் பிசகு. 2007 அக்டோபரிலேயே மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் நீளுகிறதல்லவா, அதுபோல 77.1ஐ 0, 1 மட்டும் கொண்டு முழுதாக எழுத முடியாது, மயிரிழை குறையும். அந்த மயிரிழையில்தான் எக்செல் சறுக்கியது. கால்குலேட்டர்கள் பெரும்பாலும் தசமத்திலேயே கணக்குப் போடுவதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை.

கால்குலேட்டரைக் கணினியின் ஏழைத் தம்பி என்பார்கள். ஆனால் கணினிக்கு மூளை மைக்ரோபிராசசர்; 1971இல் இன்டெல் விற்பனைக்கு விட்ட 4004 மைக்ரோபிராசசரோ, ஜப்பானிய பிசிகாம் நிறுவனத்தின் கால்குலேட்டருக்காகப் பிறந்தது. யார் அண்ணன்?

நம்பிக்கை: இரண்டிலும் ஒரே விடை வந்துவிட்டால் பில் சரி.

தட்டும் எண்ணே தப்பானால்? தோலின் பின்புறம் 7 என்று எழுதி, அதன் தலைமேல் சின்னதாக 2 போட்டிருந்தால் ஏழே இரண்டு கால், அதாவது ஏழரை அடி. தோல் வியாபாரத்தின் பழைய வழக்கம் இது. அதை 7.2 என்று தட்டினால் எக்செல்லும் கால்குலேட்டரும் ஒரே விடைதான் சொல்லும். அடி 90 ரூபாய் என்றால் ஒரு தோலுக்கு 27 ரூபாய் நட்டம்.