ஒரு குடும்பம், ஆறு அலுவலகம்

கேள்வி: நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தீபாவளி லீவுக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். அப்பா ஒன்றரை வருடத்துக்கு முன்பு லாரி விபத்தில் இறந்துவிட்டார். அம்மா அன்றிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடிதான். சமையல் எல்லாம் மகள். பத்தாவது முடித்த அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு. பையன் தாய்மாமன் மளிகைக் கடையில் மூட்டை இறக்குகிறான். அந்த மாமா கொடுக்கும் அரிசியில்தான் வீடு ஓடுகிறது. பள்ளியில் சொன்னால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுதச் சொல்கிறார்கள். நர்ஸம்மா “சுகர், பிரஷர்னா நான் பார்ப்பேன், இது மனசு டீச்சர்” என்கிறார். வி.ஏ.ஓ. “வருமானச் சான்றுக்குப் போட்டால் பார்க்கலாம்” என்கிறார். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசப் பயமாக இருக்கிறது. பிள்ளைகளை ஹோமில் போட்டுவிட்டால் அந்த அம்மா என்ன ஆவார்? மாமாவைப் போலீஸ் பிடித்தால் அரிசி யார் தருவது? நான் யாரிடம்தான் போக?
— பெயர் வேண்டாம், ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், முதலில் கல்யாணம். மற்றது எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு நிறுத்தப் போனால் ஊரே எதிரில் நிற்கும். இப்போதே சொன்னால் நான்கு சுவருக்குள் பேசி முடிக்கலாம். 1098 அல்லது பெண்கள் உதவி எண் 181, எதில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே போகக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நம் மாநிலத்தில் மாவட்ட சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்கலாம். அந்த ஆணையை மீறித் தாலி கட்டினால் அது கல்யாணமே அல்ல, செல்லாது. நடத்தி வைப்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பெரும்பாலும் அதுவரை போகாது. வீட்டுக்கு வரும் அலுவலர் இதை நிதானமாக எடுத்துச் சொன்னாலே பாதிப் பேர் தேதியைத் தள்ளிவிடுவார்கள். மீதிப் பாதியைக் கண்காணிக்க வேண்டும். “பொண்ணு அத்தை வீட்டுக்குப் போயிருக்கா” என்றால் எந்த ஊர் அத்தை என்று கேளுங்கள்.

இரண்டாவது, உங்கள் ஹோம் பயம். இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, அரசு ஊழியர்கள் பலருக்கும் இருக்கிறது. பழைய நாளில் அதற்குக் காரணமும் இருந்தது. இப்போதுள்ள 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் நேர் எதிராகப் பேசுகிறது. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, விடுதி கடைசி வழி என்று அதன் அடிப்படைக் கோட்பாடுகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு உண்டு, ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். மாதத்தில் 20 நாளாவது உட்கார வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் அதற்கு இருக்கிறது. அந்தக் குழு பிள்ளைகளை அம்மாவிடமே விட்டு, “இந்த வீட்டுக்கு இன்னின்ன உதவி போக வேண்டும்” என்று ஆணை போடலாம். நீங்கள் தேடுவது அந்த ஆணையைத்தான். நர்ஸம்மாவுக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் தனித்தனியாக நீங்கள் சொன்னால் அது வேண்டுகோள். குழுவின் முத்திரையோடு அதே செய்தி போனால் பதில் எழுதியாக வேண்டும்.

குழுவிடம் எடுத்துப் போக நீங்கள் யார் என்று தயங்காதீர்கள். அரசு ஊழியர் எவரும் போகலாம், பொதுநலன் கருதும் யாரும் போகலாம், பிள்ளையே நேரில் போய் நிற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. 1098-இல் பேசினாலும் அங்கேதான் வந்து சேரும். முன்பு தொண்டு நிறுவனங்கள் நடத்திய அந்தச் சேவையை 2023 முதல் அரசே எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஊர் வேண்டாம். ஓர் அம்மாவின் பெயரில் நான்கு அலுவலகங்களில் நான்கு ஃபைல் இருந்தது. பிள்ளையின் பெயர் நான்கிலும் நான்கு எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி இரண்டு. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த அம்மாவை இரண்டு அலுவலகங்கள் ஒரே நேரத்தில் வரச் சொல்லியிருந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர், பஸ் மாறிப் போக வேண்டும். நூறு நாள் வேலை பார்க்கிறவர், ஒரு நாள் கூலியை விட்டு எங்கே போவது என்று தெரியாமல் எங்கேயும் போகவில்லை. இரண்டு ஃபைலிலும் அன்றைய தேதி போட்டு, “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து நான்கு ஃபைலையும் ஒரே மேசையில் விரித்தபோதுதான் எங்களுக்கே இது தெரிந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 2000-ஆம் ஆண்டு லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி, வளர்த்தவர்களின் கொடுமையில் இறந்தாள். சமூக சேவைத் துறை, போலீஸ், மருத்துவமனை என்று எல்லோருமே அவளைப் பார்த்திருந்தார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்பு குறைந்தது 12 முறை கைக்கு வந்து நழுவியது என்று லார்ட் லேமிங்கின் விசாரணை அறிக்கை 2003-இல் எண்ணிச் சொன்னது. அதற்குப் பிறகுதான் அங்கே 2004-இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்து, துறைகள் சேர்ந்து வேலை செய்வதைக் கடமையாக்கியது. நம்மிடமும் சட்டம் இருக்கிறது, குழு இருக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. கூட்டங்களும் நடக்கின்றன, டீ, பிஸ்கட்டோடு. “அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்” என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்கள். இந்த வீட்டுக்கு யார் பொறுப்பு, அடுத்த செவ்வாய் யார் போவது என்பதை மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள்.

எனவே குழுவிடமும் அலகிடமும் நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “இந்தக் குடும்பத்துக்கு உங்கள் பக்கம் யார்? பெயரும் போன் நம்பரும் கொடுங்கள்.” அந்த ஒருவர் கிடைத்துவிட்டால் மற்ற ஐந்து அலுவலகமும் அவர் வழியாக வரும். அவரை மாற்றினால் புதியவர் பெயரையும் கேளுங்கள். நச்சரிப்பு என்று நினைத்தால் நினைக்கட்டும்.

பணம் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் அம்மாவிலிருந்துதான் தொடங்குவேன். அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைக்காதவரை, மாதம் எத்தனை ஆயிரம் வந்தாலும் அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்ப மாட்டாள். நர்ஸம்மா சொன்னது முழுச் சரி இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். அதுவரை மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். முதல் முறை கூட்டிப் போக ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை நம்பாதீர்கள், நீங்களோ அங்கன்வாடிப் பணியாளரோ கூடவே போங்கள். டாக்டர் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பிறகு உதவித்தொகைக்கு அதுதான் பெரிய ஆதாரம்.

உதவித்தொகை: மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்துக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும், கிராமமல்லாத இடங்களில் 96,000. அம்மா விதவை என்பதே ஒரு தகுதி. மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000. இரண்டில் எது பொருந்தும் என்று அலகு சொல்லட்டும். அம்மாவுக்குத் தகுதி இருந்தால் மாதம் 1,200 விதவை ஓய்வூதியத்துக்குத் தாசில்தார் அலுவலகம். அந்த வி.ஏ.ஓ. சொன்னது இங்கேதான் பயன்படும், வருமானச் சான்று இல்லாமல் எதுவும் நகராது. மஞ்சப்பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு அப்பாவின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், படிப்புச் சான்று, பாஸ்புக் எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து நகல் வைத்துவிடுங்கள். பெயர் எழுத்துக்கூட்டல் எல்லாவற்றிலும் ஒன்றா என்று பாருங்கள். மேலே சொன்ன கதை அதற்காகத்தான்.

மாமா? அவரை வில்லனாக்காதீர்கள். ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் உலை கொதிப்பது அவரால். 14 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம்தான். ஆனால் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று 2016 திருத்தம் சொல்கிறது, அந்தக் குடும்பத்தில் தாய்மாமனும் அடக்கம். பள்ளியை நிறுத்திவிட்டு மூட்டை தூக்குவது இதில் சேராது. “சாயங்காலம் ஒரு மணி நேரம் பொட்டலம் மடிக்கட்டும், காலையில் எங்களிடம் அனுப்புங்கள். அக்காவைப் பிளஸ் ஒன்னில் சேருங்கள், அரசுப் பள்ளியில் முடித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும்” என்று கடையிலேயே போய்ப் பேசிப் பாருங்கள். வியாபாரிக்குக் கணக்கு புரியும்.

கடைசியாக ஒன்று. இந்த வீட்டுக் கதையைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், நல்லெண்ணத்தோடுகூட. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியது. அது கிடக்கட்டும், அந்தப் பெண் நாளைக்கு அதே ஊரில்தானே நடமாட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறது. நான் வார்டு உறுப்பினர். என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த கூட்டத்துக்குத் தலைமை ஆசிரியரை ஒரு தாளோடு வரச் சொல்லுங்கள். ஒரு மாதமாகப் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர் மட்டும், வேறு எதுவும் வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் அந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாத அடுப்படி உங்கள் ஊரில் கிடையாது. கூட்டம் நீண்டால் பரவாயில்லை, தீர்மானத்தை மட்டும் சுருக்கமாக எழுதுங்கள்.

கேள்வி: பத்து வருடம் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தேன். போன மாதம் 18 முடிந்தது, வெளியே வந்துவிட்டேன். நண்பன் அறையில் இருக்கிறேன். இனி எனக்கு யாரும் இல்லையா?

பதில்: இருக்கிறார்கள் தம்பி. 18 முடிந்தவர்களுக்குப் பிற்காப்பு என்று சட்டத்திலேயே இடம் உண்டு, 21 வயது வரை. தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம், மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. படிக்கிறாயா, தொழில் கற்கிறாயா என்பதை வைத்துத் திட்டம் போடுவார்கள். நீ இருந்த இல்லம் இருக்கும் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இந்த வாரமே போ, கலெக்டர் ஆபீசில் கேட்டால் வழி சொல்வார்கள். இல்லத்திலிருந்து உன்னை அனுப்பிய ஆணையின் நகலை எடுத்துப் போ. அது கையில் இல்லையென்றால் முதலில் இல்லத்துக்குப் போய் அதை வாங்கு, அப்படியே வார்டனையும் பார்த்துவிட்டு வா.