ஐப்பசி பிறக்குமுன் ஏரிக்கரையைப் பார்த்துவிட வேண்டும்

2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர். நடுநடுவே வீசிய சூறை 85ஐத் தொட்டது. மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது, கரையில் கிடந்த படகுகளை அலை புரட்டியது. மையமே தலைக்கு மேல் வந்தும் பெருவெள்ளம் வரவில்லை. மறு வருடம் மிக்ஜாம் வந்தது. அது கரையேறிய இடம் ஆந்திரத்தின் பாபட்லா, தாம்பரத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால். நாள் 2023 டிசம்பர் 5. அதற்கு முன்பே சென்னைக்குக் கிழக்கே கடலில் மெல்ல ஊர்ந்தபடி அது கொட்டித் தீர்த்த மழையில் முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் தெருவுக்குள் படகு வந்தது.

இன்னும் பின்னே போனால் 2015. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அன்றைக்குப் புயலே கிடையாது. பெயர் வைக்கும் அளவுக்கு வலுப்பெறாத தாழ்வு நிலையே அவ்வளவையும் கொட்டியது.

ஆகவே புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பதில் பாதிப் பயன்தான் உண்டு. தம் தெருவுக்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வரும், எந்த வழியாகப் போகும் என்பதே செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்க இதுதான் நேரம். புரட்டாசி முடிகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியும், இந்தக் கடலோரத்தில் பாதிக்கு மேலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். முதல் அடைமழை பிடித்த பிறகு ஏரிக்கரையில் நடந்து பார்க்க வழியிருக்காது.

இந்த மாவட்டத்து ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாறாகத் திரண்டு முடிச்சூர் வழியே சென்னைக்குப் போகிறது. மதுராந்தகம் ஏரி நிறைந்தால் கிளியாற்றில் வெள்ளம் வரும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள எல்லா ஊருக்கும் ஆபத்து. மதுராந்தகத்து ராமருக்கு ‘ஏரி காத்த ராமர்’ என்று பெயர் வந்த கதையும் இந்த அச்சத்தில் பிறந்ததுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், கொட்டும் மழையில் கரை உடையப்போகிறதே என்று பார்க்கப் போனபோது, வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்று ஊரார் சொல்வார்கள். கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மழை இரவில் ஏரிக்கரைக்கு யாரோ ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார்.

இப்போது பார்க்க வேண்டியவர்கள் ஊராட்சியும் நீர்வளத் துறையும் மட்டும் அல்லர். கரைக்குக் கீழே குடியிருக்கும் ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர், மழைக்கு முன் ஒரு முறையும் மழை நாளில் பகல் வெளிச்சத்தில் தினமும் கரையின் உட்புறச் சரிவைப் பார்த்துவிட்டு வரலாம். எலி வளை, நண்டு வளை, மண் சரிந்த இடம், மதகை ஒட்டிய விரிசல் ஆகியவற்றைப் படம் பிடித்து, இடம் குறித்து ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்ப வேண்டும். கரையின் வெளிப்புற அடியில் கசிவு தெரிந்தால் நீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் கசிந்தால் கண்காணிப்பு போதும். கலங்கிய நீர் கசிந்தால் கரைக்குள்ளிருக்கும் மண் அரித்துக்கொண்டு வெளியேறுகிறது என்று பொருள். அப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் உடனே சொல்லிவிட்டு, கரையடித் தெருக்களில் இருப்பவர்களை எழுப்ப வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

தன் வயலைக் காப்பாற்ற ஒருவர் கரையை வெட்டிவிடுவதும், அதனால் கீழூர் மூழ்குவதும், பிறகு தலைமுறைக்கும் பகை நிற்பதும் ஏரிப்பாசன ஊர்கள் அறியாதவை அல்ல. மதகைத் திறப்பதையும் கரையை உடைப்பதையும் துறையிடம் விட்டுவிட வேண்டும். கலங்கல் வழியும் நாளில் பிள்ளைகளை அங்கே குளிக்க விடவே கூடாது.

கூடுவாஞ்சேரியிலும் மறைமலைநகரிலும் புதிதாக வீடு வாங்கி வந்தவர்களுக்குத் தங்கள் மனை எந்த வாய்க்காலின் பாதை என்பது தெரிந்திருக்காது. பக்கத்தில் மாடு மேய்க்கும் பெரியவருக்கு அது தெரியும், கேட்டுவிட வேண்டும். 2015இல் சுவரில் நீர் ஏறி நின்ற கோடு எந்த வீட்டிலாவது தெரிந்தால், அந்தத் தெரு முழுவதற்கும் அதுதான் அளவுகோல். இன்வெர்ட்டர், மின் மோட்டார், அரிசி மூட்டை, பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே போக வேண்டும். பட்டா, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டுத் தாள்கள், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து ஒரே பையில் போட்டால், புறப்படும்போது தேட வேண்டியதில்லை.

தரையடித் தொட்டியை மழைக்கு முன் நிரப்பி மூடியின் விளிம்பை அடைத்துவிடுவது நல்லது. சாக்கடை கலந்த வெள்ளம் முதலில் நுழையும் இடம் அதுதான். காலி எரிவாயு உருளை தண்ணீரில் மிதந்து முட்டும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு உருளையை ஜன்னல் கம்பியோடு கட்டிவிட வேண்டும். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதுமே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், பிளக் பாயின்ட் நனையும்வரை காத்திருக்கக் கூடாது. வண்டிகளை முந்தைய நாளே மேட்டில் நிறுத்துவது புத்திசாலித்தனம். வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தியதை வேடிக்கை பார்த்தவர்கள் பிறகு புரிந்துகொண்டார்கள். மூழ்கிய வண்டியை ஓடுகிறதா என்று கிளப்பிப் பார்த்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து செலவு பல மடங்காகும்.

கடலோரத்தின் கணக்கு வேறு. வங்கக் கடல் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. அதனால் புயல் கரையேறும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். 2020 நவம்பரில் நிவரும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலும் புதுச்சேரிப் பக்கம் கரையேறின. மாமல்லபுரத்துக்குத் தெற்கே நடந்தது நமக்கென்ன என்று தேவனேரியிலும் சதுரங்கப்பட்டினத்திலும் யாரும் இருக்க முடியாது. கடல் ஏறிவர வாய்ப்பு அப்போதுதான் அதிகம். கடல் இப்படி உயர்ந்து நிற்கும் நேரத்தில் முட்டுக்காடு முகத்துவாரத்திலும் பாலாற்று முகத்திலும் அது வெள்ளத்தை எளிதில் உள்வாங்காது. பள்ளிக்கரணையிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வரும் நீர் கோவளத்தில் தேங்கும். பழைய மாமல்லபுரம் சாலையில் இடுப்பளவு தண்ணீர் நிற்பதற்கு மேலே பெய்த மழையைப் போலவே கீழே வாங்க மறுக்கும் கடலும் காரணம். ஃபெஞ்சல் கரையேறிய பிறகும் நகராமல் நின்றதில் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மேகம் கொஞ்சம் வடக்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதுராந்தகத்துக்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு வந்ததும் படகை வழக்கமாக ஏற்றும் இடத்தில் விட்டுவிடக் கூடாது. அலை ஏறும் உயரத்தைத் தாண்டி மேட்டுக்கு இழுத்து, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், படகுகளை இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். நெருக்கிக் கட்டினால் ஒன்றோடொன்று மோதியே உடையும். வலைகளை ஏலக்கூடத்தில் குவிக்காமல் உள்ளே எடுத்துச் செல்ல வேண்டும். காற்று தொடங்கிய பிறகு படகைக் காப்பாற்றத் தண்ணீருக்குள் இறங்குவது கூடவே கூடாது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியபோது, நங்கூரம் பிடிக்காமல் பெசன்ட் நகர்க் கரையில் தட்டியது பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல். அதிலிருந்து உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் சிலர் அலையில் சிக்கி இறந்தார்கள். கப்பலிலேயே இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். கடலில் யாரேனும் சிக்கியிருந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

இன்னொரு ஆபத்து அமைதி வேடத்தில் வரும். புயலின் கண் மேலே வரும்போது காற்று சட்டென்று நிற்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோதும் அப்படி நின்றது. ஓய்ந்துவிட்டது என்று வெளியே வந்தவர்களை எதிர்த்திசையிலிருந்து வந்த அடுத்த காற்று பிடித்துக்கொண்டது. முதல் காற்றில் வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாவதில் விழும். வண்டலூர் உயிரியல் பூங்கா அந்த ஒரு நாளில் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. கூரைத் தகடு, தண்ணீர்த் தொட்டியின் மூடி, மாடியில் கிடக்கும் பூந்தொட்டி, கடை முன்னால் தொங்கும் விளம்பரப் பலகை எல்லாவற்றையும் இந்த வாரமே கட்டவோ இறக்கவோ வேண்டும்.

எச்சரிக்கைகளைப் படிப்பதில் ஒரு குழப்பம் உண்டு. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண் கப்பல்களுக்கானது. மூன்றாம் எண்ணா, பத்தாம் எண்ணா என்பதை வைத்துத் தாம்பரத்து வீட்டில் முடிவெடுக்க முடியாது. வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டியது வானிலைத் துறை மாவட்டத்துக்குத் தரும் எச்சரிக்கையின் நிறம். ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் 12 முதல் 20 சென்டிமீட்டர் மழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். சிவப்பு வந்த பிறகு பயணம் வேண்டாம். தரைப்பாலத்தில் முழங்காலளவு நீர் ஓடினால் காரும் பேருந்தும் கடக்கக் கூடாது. தமிழிலேயே எச்சரிக்கை தரும் ‘டிஎன் அலர்ட்’ செயலியைக் கைபேசியில் இப்போதே ஏற்றிவைக்கலாம். மின்சாரம் போனால் கைபேசியும் சாகும். பேட்டரியில் ஓடும் பழைய ரேடியோவைத் தூக்கிப் போட வேண்டாம்.

பேறுகாலம் நெருங்கியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் ஆகியோரின் பெயர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் கர்ப்பிணிகளைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ முன்கூட்டியே கொண்டுசெல்லலாம். பாதி வழியில் 108 வண்டி தண்ணீரில் நிற்பதைவிட அது மேல். ஒரு வாரத்துக்கான மருந்து கையில் இருக்கட்டும். ஏரிக்கரையடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போட்டு வாழும் இருளர் குடும்பங்களிடம் செய்தி கடைசியில்தான் போய்ச் சேருகிறது. பள்ளியை முகாமாகத் திறக்கும்போது அவர்களை முதலில் அழைத்து வருவது ஊராட்சியின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது ஊராரின் பொறுப்பு.

சம்பா பயிரிட்டவர்கள் வடிகாலைத் தூர்வாரி, நவம்பர் நடுவில் முடியும் காப்பீட்டுக் கெடுவுக்கு முன் பதிந்துவிட வேண்டும். விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான். தென்னையில் முற்றிய காயையும் இளநீரையும் பறித்து, கனத்த கீழ் மட்டைகளை வெட்டினால் மரத்தின் தலைச்சுமை குறையும்.

மழை விட்ட பிறகு வருவது பாம்பு. வளைகளில் தண்ணீர் புகுந்ததும் அவை வீட்டு மூலைகளைத் தேடிவரும். விறகுக் குவியலில் கையையும் செருப்புக்குள் காலையும் விடுமுன் பார்க்க வேண்டும். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு தரும், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதே கடலோரத்து வடநெம்மேலியில்தான் இயங்குகிறது. மிக்ஜாம் நாளில் பெருங்களத்தூர் அருகே சாலையைக் கடந்த முதலையும் பலருக்கு நினைவிருக்கும்; நெடுங்குன்றம் ஏரியில் முதலைகள் உண்டு, அவற்றை விரட்டப் போகாமல் வனத்துறையை அழைப்பதே சரி. தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். அறுந்த மின்கம்பியைக் கண்டால் மின்னகத்துக்கு 94987 94987.

நிவாரணக் கணக்கெடுப்பு வருமுன் சுத்தம் செய்துவிட்டால் இழப்புக்குச் சாட்சி இருக்காது. சேறு படிந்த வீட்டையும், சாய்ந்த பயிரையும், உடைந்த படகையும் பதிவெண் தெரியத் தேதியோடு படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் படகென்றால் மீன்வளத் துறை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிய பிறகே துடைப்பத்தைக் கையில் எடுக்க வேண்டும்.