விளையாட்டை நிறுத்தினால் கணக்கு வருமா?

கேள்வி: எங்க பையன் அஞ்சாவது படிக்கறானுங்க டாக்டர். ஸ்கூல் விட்டு வந்ததும் பையை வீசிட்டு கிரவுண்டுக்கு ஓடிருவான், இருட்டுனாத்தான் வீடு. இந்தத் தடவை கணக்குல மார்க் குறைஞ்சு போச்சுங்க. விளையாட்டை நிறுத்திட்டு பொள்ளாச்சில டியூசன்ல விட்டரலாம்கறாங்க அவங்கப்பா. வேன்ல போயிட்டு வர ராத்திரி ஒம்பது ஆயிருமுங்க. என்னங்க பண்றது?
- ஒரு தாய், ஆனைமலை

பதில்: டியூஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை, அம்மா. அதற்கான நேரத்தை விளையாட்டிலிருந்து பிடுங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் சார்லஸ் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழு 2009-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. உங்கள் பையன் வயதுப் பிள்ளைகள் 20 பேரை ஒருநாள் 20 நிமிடம் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். இன்னொரு நாள் சும்மா உட்கார வைத்தார்கள். இரண்டு நாளும் ஒரே தேர்வு. திரையில் ஐந்து குறிகள் வரிசையாகத் தோன்றும். நடுவில் இருப்பது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். சில தடவை மற்ற நான்கும் எதிர்ப்பக்கம் பார்த்துக் கவனத்தை இழுக்கும். நடந்த நாளில் பிள்ளைகள் இதில் கூடுதலாகச் சரியாக அழுத்தினார்கள், படித்ததைப் புரிந்துகொள்ளும் தேர்விலும் மார்க் ஏறியது. கணக்கில் ஏறவில்லை. விளையாட்டை மார்க் டானிக்காக விற்பவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

ஒரு நாள் நடையில் அவ்வளவுதான் கிடைக்கும். அதே குழு 7 முதல் 9 வயதுவரையான 221 பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய சோதனை 2014-ல் வந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பேரைத் தேர்ந்தெடுத்து, பள்ளி விட்டதும் ஒன்பது மாதம் ஓடியாட வைத்தார்கள். கவனம் சிதறாமல் இருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்புவது இரண்டிலும் மற்றவர்களைவிட அவர்கள் முன்னேறினார்கள். அதிக நாள் வந்தவர்களுக்குப் பலனும் அதிகம். உங்கள் பையன் இதைக் காசு செலவில்லாமல் ஆனைமலையிலேயே செய்துகொண்டிருக்கிறான்!

மூச்சு வாங்க ஓடுவதுதான் முக்கியம். வெயிலில் வரிசையாக நிற்கவைத்துக் கையைத் தூக்கி இறக்கச் சொல்லும் டிரில்லை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளியில் பி.டி. பீரியட் நிஜமாகவே நடக்கிறதா என்று விசாரியுங்கள். கணக்கு டீச்சர் கடன் வாங்கிய பி.டி. பீரியட் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். நோட்டை வாங்கிப் பாருங்கள். ஐந்தாவதில் பலரும் வழுக்கி விழுவது வகுத்தலிலும் பின்னத்திலும்தான். அதற்கும் கீழே தோண்டினால் வாய்ப்பாடு தட்டுப்படாமல் இருக்கும். எந்த இடத்தில் நிற்கிறான் என்று தெரிந்துவிட்டால், உங்கள் தெருவிலேயே ஓர் அக்கா தினம் அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். கண்ணையும் சோதித்துவிடுங்கள். போர்டு சரியாகத் தெரியாத பிள்ளை, தெரியவில்லை என்று தானாகச் சொல்லாது.

எனக்கு உண்மையில் பயம் அந்த ஒன்பது மணி வேன்தான். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒன்பதுக்கு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கையில் பத்தரை ஆகும். காலையில் ஆறு மணிக்கு எழுப்பினால் ஏழரை மணி நேரம்கூடத் தேறாது. அந்தத் தலையோடு கிளாஸில் உட்கார்ந்தால் டியூஷனில் படித்ததும் நிற்காது. ஆறு மணிவரை விளையாடட்டும், ஏழு மணிக்குக் கணக்கு, ஒன்பதுக்குப் படுக்கை.

ஒரே நிபந்தனை: விளையாட்டு கிரவுண்டோடு நிற்கட்டும். பெரியவர் துணையில்லாமல் ஆழியாற்றிலோ வாய்க்காலிலோ இறங்கக் கூடாது.

கூட ஓடும் பிள்ளைகளுக்கு முன்பே இவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறானா, கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சோதனை செய்ய வேண்டும். 11.5-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, அதற்கு மருந்து உண்டு. ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.