தூரிகை சோறு போடுமா?
கவின்கலைக் கல்வியும் அதன்பின் வரும் வாழ்க்கையும்

மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர், சங்க நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கலையும் நேரத்தில் என்னைத் தனியே அழைத்தார். பிளஸ் டூ படிக்கும் மகள் கூடவே நின்றாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். "சார், இவ படம் வரையறதத் தவிர வேற எதுலயும் மனசு வைக்க மாட்டேங்கிறா. அதுக்குன்னே காலேஜ் இருக்குங்கிறாங்க. அதப் படிச்சா சோறு கெடைக்குமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என் நா எழவில்லை. காரணம் உண்டு. சித்தூர் வட்டத்தில் நான் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில், இதே கேள்வியுடன் வந்த வேறொரு தகப்பனாரிடம், "படம் வரைவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளட்டும், பையனை வணிகவியலில் சேருங்கள்" என்று யோசிக்காமல் சொல்லி அனுப்பினேன். அந்தப் பையன் முதலாண்டிலேயே படிப்பை நிறுத்திவிட்டான். அவன் ஓவியம் படித்திருந்தால் உயர்ந்திருப்பான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றும் தெரியாமல் ஆலோசனை சொன்னது என் பிழை. அதன்பின் இத்துறையைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

பிழைப்புக்காகவே பிறந்த பள்ளி

கலைக் கல்லூரி என்றதும் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது, 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி. கைத்தொழில் தெரிந்தவர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். இன்று நம் அடுப்படியில் இருக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் அந்தப் பள்ளிக்கும் உறவு உண்டு. ஆல்ஃபிரெட் சாட்டர்டன் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியை அங்குதான் தொடங்கினார்.

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவரானார். மெரினா கடற்கரையில் 1959-ல் நிறுவப்பட்ட 'உழைப்பாளர் சிலை' அவர் படைப்பு. அவர் காலத்தில்தான் கைத்தொழில் பள்ளி என்ற நிலை மாறி, ஓவியமும் சிற்பமும் முதலிடம் பெற்றன. ஆனால் கைவேலைப் பிரிவுகள் ஒழிந்துபோகவில்லை. இன்றும் அங்கே ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு காட்சித் தொடர்பு வடிவமைப்பு, மட்பாண்டக் கலை, துணி வடிவமைப்பு, அச்சுக் கலை ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. படித்தவர்களின் பின்வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த இரட்டை மரபை நினைவில் வைக்க வேண்டும்.

நம் கண்முன் உள்ள சான்றுகள்

பாலக்காட்டுக்காரர்கள் விருந்தினரை முதலில் அழைத்துப் போகும் இடம் மலம்புழை. அணைக்கட்டுப் பூங்காவில் மலையை நோக்கி அமர்ந்திருக்கும் பெரிய யட்சி சிலையை எல்லோரும் பார்த்திருப்போம். அதைச் செய்தவர் கானாயி குஞ்ஞிராமன். 1937-ல் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் படித்து, பின் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்குச் சென்று வந்தவர். யட்சி 1969-ல் நிறைவுற்றபோது அதன் ஆடையற்ற கோலத்துக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. சிலை நிலைத்தது. சிற்பியோ பிற்காலத்தில் திருவனந்தபுரம் கவின்கலைக் கல்லூரியில் கற்பிக்கும் ஆசிரியரும் ஆனார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான பெயர் சாபு சிரில். மூணாறைப் போலவே தேயிலை மலையான வால்பாறையில் பிறந்தவர். சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு படித்தார். முதலில் தனியாக வரைகலை வேலைகள் செய்து, பின் திரைப்படக் கலை இயக்குநரானார். 'தேன்மாவின் கொம்பத்து', 'காலாபானி', 'எந்திரன்' முதலிய படங்களுக்குத் தேசிய விருது பெற்றார். அதே கல்லூரியில் ஓவியம் படித்த தோட்டா தரணி, 'நாயகன்' படத்துக்காகத் தாராவியைச் சென்னையில் எழுப்பிக் காட்டித் தேசிய விருது பெற்றதும் நமக்குத் தெரியும்.

பத்திரிகைக்குப் போனவர்களும் உண்டு. எம்.வி. தேவனும் ஓவியர் நம்பூதிரியும் சென்னையில் படித்துவிட்டு மாத்ருபூமி வார இதழில் சித்திரக்காரர்களானார்கள். மலையாளக் கதை மாந்தர்களின் முகத்தை நம்பூதிரியின் கோடு வழியாகவே கண்ட ஒரு தலைமுறை கேரளத்தில் உண்டு. தேவன் அதோடு நிற்காமல், குறைந்த செலவில் வீடு கட்டும் பணியிலும் ஈடுபட்டார். தமிழில் கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் தீட்டினார். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்த கோட்டோவியங்களை வாசகர்கள் இன்றும் மறக்கவில்லை.

இவர்களில் எவரும் ஓவியம் விற்று மட்டும் வாழவில்லை என்பதைக் கவனியுங்கள். சினிமா, பத்திரிகை, கைத்தறி, கட்டடம், ஆசிரியப் பணி என்று ஒரே படிப்பு வெவ்வேறு வாசல்களைத் திறந்திருக்கிறது.

சோழமண்டலம் சொல்லும் பாடம்

"கல்லூரி முடித்தபின் என்ன?" என்ற கேள்வியை நேரடியாக எதிர்கொண்டவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகாவிலும் பிறகு காப்பீட்டுத் தொழிலிலும் இருந்துவிட்டு, ஏறக்குறைய 25 வயதில்தான் கலைப்பள்ளியில் சேர்ந்தார். 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராக இருந்தார். திறமையான மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலையில் ஒதுங்கி, வரைவதையே விட்டுவிடுவது அவரை வருத்தியது.

அதற்கு அவர் கண்ட வழி எளிமையானது. மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைக் கலைஞர்கள் கூட்டாகச் செய்து விற்றார்கள். அந்த வருவாயின் துணையோடு 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். கைவினை வயிற்றுக்கு, ஓவியம் மனத்துக்கு என்பது ஏற்பாடு. ஒன்று மற்றொன்றைக் கெடுக்காமல் காப்பாற்றியது. யாரிடமும் கையேந்தாமல் கலைஞர்கள் தாமே கட்டிய இந்தக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது.

கல்லூரி எதைத்தான் கற்றுத் தருகிறது?

வரையத் தெரிந்த பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நான்கு பயன்களைக் கூறலாம்.

முதலாவது, பார்வைப் பயிற்சி. உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி நாள்தோறும் வரையும்போது, மனத்தில் இருப்பதை வரையும் வழக்கம் போய், எதிரே இருப்பதை வரையும் பழக்கம் வருகிறது. திரைப்பட அரங்கம் அமைப்பவருக்கும் சேலைக்கரை வடிவமைப்பவருக்கும் இதுவே மூலதனம்.

இரண்டாவது, பொருளறிவு. களிமண் எப்போது வெடிக்கும், சாயம் எந்த நூலில் நிற்கும் என்பதையெல்லாம் கையால் செய்து கெடுத்துத்தான் கற்க முடியும்.

மூன்றாவது, விமர்சனம் தாங்கும் மனம். செய்த வேலையை எல்லோர் முன்னும் வைத்துக் குறை கேட்டு, மறுநாள் திருத்திக்கொண்டு வரவேண்டும். வாடிக்கையாளரோடு தொழில் செய்யப் போகிறவனுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

நான்காவது, கூட்டாளிகள். இத்துறையில் விளம்பரம் பார்த்து வேலைக்குப் போவதைவிட, மூத்த மாணவர் ஒருவர் அழைத்துப் போவதே மிகுதி. ஊரில் தனியே வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இது கிடைக்காது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்

மேலே சொன்னவர்கள் பெயர் பெற்றவர்கள். பெயர் தெரியாமல் போனவர்கள் அவர்களைவிடப் பலர். பட்டம் கையில் வந்த மறுமாதமே நிலையான சம்பளம் வரும் என்று நம்பிச் சேர்ப்பவர்கள் ஏமாறுவார்கள். முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் கூலி வேலை போலத்தான் இருக்கும்.

ஓவிய ஆசிரியர் வேலையும் முன்போல் உறுதியானதன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைத்தான் கேட்கிறது. சினிமாப் பேனரும் கடைப் பலகையும் எழுதி வாழ்ந்தவர்களின் தொழிலை, 2000-க்குப் பின் பரவிய பிளக்ஸ் அச்சு விழுங்கியது. இப்போது சொன்னதும் படம் போட்டுத் தரும் கணினிகளும் வந்துவிட்டன. கை மட்டும் பழகியவனுக்கு இவை ஆபத்து. எது நல்ல படம், எது இந்த வேலைக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்கும் கண் படைத்தவனுக்கு இவை கருவி. ஆகவே எந்தக் கல்லூரி என்பதைப் போலவே, அங்கே எப்படிப் படிக்கிறோம் என்பதும் முக்கியம்.

எல்லைப்புறத் தமிழர் செய்ய வேண்டியது

கோழிஞ்சாம்பாறையிலோ தேவிகுளத்திலோ பீருமேட்டிலோ தமிழில் படிக்கும் பிள்ளைக்குக் கேரளத்திலேயே வழி உண்டு. திருவனந்தபுரம், மாவேலிக்கரை, திருச்சூர் ஆகிய இடங்களில் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. திருப்பூணித்துறையில் ஆர்.எல்.வி. கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தபின் நான்காண்டுப் பட்டப்படிப்பு. மதிப்பெண்ணோடு வரைதிறன் தேர்வும் உண்டு. அத்தேர்வுக்குக் கடைசி மாதத்தில் ஆயத்தமாக முடியாது. பத்தாம் வகுப்பு முதலே தினமும் வரைந்து, வரைந்தவற்றைத் தேதியிட்டுச் சேர்த்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்புவோர், இருப்பிடச் சான்று பற்றிய விதிகளை முன்கூட்டியே விசாரித்து அறிவது நலம்.

மலையாளமும் ஆங்கிலமும் ஓரளவு பேசப் பழகுவது அவசியம். நம் பிள்ளைகள் பின்வாங்குவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அன்று, வகுப்பில் வாய் திறக்கும் கூச்சத்தால்தான். சுற்றிலும் விஷயம் இருக்கிறது: தேயிலைச் சரிவு, லயத்து வீடுகள், எல்லைச் சந்தை, குத்தாம்புள்ளித் தறி. பிள்ளைகள் இவற்றை நேரில் பார்த்து வரையட்டும். காலண்டர் படத்தைப் பார்த்து வரைவது பயிற்சி ஆகாது. நம் சங்கங்களும் ஆண்டுவிழாவில் பரிசு கொடுப்பதோடு நிற்காமல், ஓவியம் படித்த ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்துவந்து பெற்றோரோடு பேச வைக்கலாம்.

அன்று அந்தத் தகப்பனாரிடம், "கெடைக்கும் என்று கையடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரே தொழிலை நம்பி நிற்கிற படிப்பு அல்ல இது" என்று சொல்லி, இங்கே எழுதியவற்றைச் சுருக்கமாக விளக்கினேன். மகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தேயிலை கிள்ளும் கைகளாகவே பக்கம் பக்கமாக வரைந்திருந்தாள். "யார் கை அம்மா?" என்றேன். "எங்க அம்மா கை, சார்" என்றாள். தகப்பனார் அப்போதுதான் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார்.